அப்டேட் முடிந்து ரீபூட் செய்தால் கருப்புத் திரை: ஃபார்மட் செய்யாமல் மீட்க முடியுமா?

நிலாமுற்றம்:

வணக்கம். உபுண்டு 24.04 (லினக்ஸ்), டெஸ்க்டாப் கணினி, என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. அதே டிஸ்கில் இன்னொரு பார்ட்டிஷனில் விண்டோஸும் இருக்கிறது. ராத்திரி அப்டேட் இருக்கிறது என்று கேட்டது, சரி என்று கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ரீபூட் செய்தேன். மதர்போர்டு லோகோ வருகிறது, ஏதோ எழுத்து ஒரு நொடி ஓடுகிறது, அப்புறம் முழுக்கக் கருப்பு. இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டுத் தெரிகிறது. கேப்ஸ் லாக் அமுக்கினால் கீபோர்டில் விளக்கு எரிகிறது, அணைகிறது. ஆக மொத்தமாக உறைந்துபோகவில்லை என்று நினைக்கிறேன்.

தெரிந்தவர் ஒருவர் ஃபார்மட் பண்ணிப் புதிதாகப் போடு, அரை மணி நேர வேலை என்கிறார். இன்ஸ்டால் அரை மணி நேரம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் போட்டு வைத்திருக்கும் மென்பொருளையும் செட்டிங்கையும் யார் திரும்பக் கொண்டுவருவது? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். போனிலிருந்து எழுதுகிறேன், அதனால் லாக் (கணினியின் செய்திப் பதிவு) எதையும் இப்போதைக்கு ஒட்ட முடியாது.

அவசரக்குடுக்கை:

நண்பர் சொன்னது சரிதான். லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் செய்யாமலே யூஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸ்) போட்டு ஹோம் ஃபோல்டரை வெளியே எடுத்துக்கொண்டு புதிதாகப் போடுங்கள். போடும்போதே வேறு டிஸ்ட்ரோவுக்கு, அதாவது வேறு லினக்ஸ் வகைக்கு, மாறிவிடுங்கள். இந்தக் கார்டு இருக்கும்வரை இந்தத் தலைவலியும் இருக்கும்.

வேர்ப்பயனர்:

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. வியாதி என்னவென்றே தெரியாமல் ஆளையே மாற்றச் சொன்னால் எப்படி.

நிலாமுற்றம், கருப்புத் திரைக்குக் காரணம் ஒன்றல்ல. பூட் ஆகும் வழியில் எந்த இடத்தில் நின்றது என்பதைப் பொறுத்து காரணம் மாறும், மருந்தும் மாறும். ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று நின்றால், எந்த ஓஎஸ் ஏற வேண்டும் என்று மெனு காட்டும் க்ரப்புக்கே தன் ஃபைல்கள் கிடைக்கவில்லை. ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் காட்டி நின்றால் லினக்ஸின் மையமான கர்னல் ஏறிவிட்டது, ஆனால் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை, அல்லது ஃபைல் சிஸ்டத்தில் பிழை. ‘எமர்ஜென்சி மோட்’ என்று வந்தால் ரூட் கிடைத்துவிட்டது, வேறு ஏதோ ஒரு டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது சிஸ்டத்தோடு இணையவில்லை. உங்களுடையது இது மூன்றும் இல்லை. கோடு தெரிகிறது, கேப்ஸ் லாக் வேலை செய்கிறது, ஆக கர்னல் உயிரோடு இருக்கிறது. படம் வரைய வேண்டியவன்தான் வரவில்லை என்று என் ஊகம். ஊகத்தை வைத்து எதையும் மாற்ற வேண்டாம், முதலில் பார்ப்போம்.

அந்தக் கருப்புத் திரையிலேயே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். லாகின் கேட்கிறதா?

அப்புறம் ரீபூட் செய்து க்ரப் மெனுவுக்குப் போங்கள். பவர் பட்டனைப் பிடித்து அணைக்காதீர்கள். ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்தபடி எஸ், யூ, பி என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக, நடுவில் ஓரிரு நொடி விட்டு அமுக்கினால் எழுத வேண்டியதை டிஸ்கில் எழுதிவிட்டு ஒழுங்காக ரீபூட் ஆகும். உபுண்டுவில் இந்த மூன்றும் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருக்கும். விண்டோஸும் இருப்பதால் மெனு தானாகவே வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் மதர்போர்டு லோகோ மறைந்ததும் எஸ்கேப் ஒருமுறை தட்டுங்கள். பழைய பயோஸ் முறை என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எஸ்கேப்பை விடாமல் தட்டினால் மெனுவைத் தாண்டி ‘க்ரப்’ என்று ஒரு கட்டளை வரிக்குப் போய்விடும். பயப்பட வேண்டாம், அங்கே ‘நார்மல்’ என்று அடித்து என்டர் தட்டினால் திரும்ப வரலாம்.

மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கர்னல் ஒன்று இருக்கும். அதில் ஏறிப் பார்த்துவிட்டு என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

கட்டளைக்கிளி:

மேலே சொன்னதோடு ஒன்று. பழைய கர்னலும் கருப்பாகவே வந்தால், மெனுவில் முதல் வரியில் நின்று ‘இ’ எழுத்தைத் தட்டவும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் ஒரு நீள வரி வரும், அதன் கடைசிக்குப் போய் ஒரு இடம் விட்டு ‘நோமோட்செட்’ என்று சேர்த்து எஃப்10. அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் அது செல்லும், ஃபைல் எதிலும் எழுதப்படாது, அதனால் தைரியமாகச் செய்யலாம்.

நோமோட்செட் கிராபிக்ஸ் டிரைவரைத் திரையின் அளவை மாற்ற விடாமல் தடுக்கிறது, மதர்போர்டின் ஃபர்ம்வேர் கொடுத்த எளிய திரையிலேயே ஓட்டுகிறது. உள்ளே நுழைந்து பழுதைப் பார்க்கத்தான் அது. இதையே நிரந்தரமாக க்ரப் ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் ஏன் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது, ஏன் இரண்டாவது மானிட்டர் தெரியவில்லை என்று கேட்பவர்களை எவ்வளவோ பார்த்தாயிற்று.

நிலாமுற்றம்:

கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 லாகின் கேட்டது! பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளேயும் போனேன், ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. பாதி உயிர் வந்தது.

மெனுவில் இரண்டு கர்னல் இருந்தன, 6.11 ஒன்று, 6.8 ஒன்று. 6.8-இல் ஏறினால் எல்லாம் வழக்கம்போல வருகிறது, முழுத் திரை, சத்தம், நெட். இப்போது அதிலிருந்துதான் எழுதுகிறேன். 6.11-இல் மட்டும் கருப்பு. அப்படியென்றால் 6.11-ஐத் தூக்கிவிட்டு 6.8-லேயே இருந்துவிடலாமா?

வேர்ப்பயனர்:

இருக்கலாம், ஆனால் அடுத்த கர்னல் வரும்போது இதே கதை திரும்ப வரும். காரணத்தைப் பிடித்துவிடுவோம், பக்கத்தில் வந்துவிட்டோம்.

ஒரே டிஸ்க், ஒரே டெஸ்க்டாப், ஒரே செட்டிங். கர்னல் மட்டும் மாறினால் படம் போகிறது. க்ரப், ஃபைல் சிஸ்டம், டெஸ்க்டாப், உங்கள் கணக்கு எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது கர்னலோடு ஒட்டியிருக்கும் டிரைவர் மாட்யூல்தான், அதாவது கர்னலில் ஏறும் டிரைவர் துண்டு.

6.8-இல் இருந்தபடியே டெர்மினலில் இவற்றைப் பாருங்கள்.

‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’. எந்தக் கர்னலுக்கு என்விடியா மாட்யூல் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லும்.

‘மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்’. செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்துள்ளதை மட்டும் ஏறவிடும் காவல், இயங்குகிறதா என்று சொல்லும்.

‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’. இதற்கு முந்தைய பூட்டின் கர்னல் செய்திகள். இந்தக் கடைசி -1 முக்கியம். பலரும் அதை விட்டுவிட்டு இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பூட்டின் லாகை ஒட்டிவிட்டு ‘பிழை எதுவுமே இல்லையே’ என்பார்கள். இடையில் வேறு பூட் செய்திருந்தால் ‘ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்’ கொடுத்தால் நேரத்தோடு பட்டியல் வரும், கருப்பாகப் போனது எது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலாமுற்றம்:

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் ஒரே ஒரு வரிதான். என்விடியா 535, பக்கத்தில் 6.8, கடைசியில் இன்ஸ்டால்டு. 6.11 பற்றி மூச்சே இல்லை. செக்யூர் பூட் எனேபிள்டு என்கிறது. லாகில் என்விடியா என்று தேடினால் ‘மாட்யூல் என்விடியா நாட் ஃபவுண்ட்’ என்பது போல ஒரு வரி, வேறொன்றும் இல்லை.

அவசரக்குடுக்கை:

செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுங்கள், சரியாகிவிடும். எல்லா இடத்திலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கட்டளைக்கிளி:

ஆகாது. பழைய கர்னலில் அதே என்விடியா மாட்யூல் செக்யூர் பூட் இயங்கும்போதே ஏறுகிறது, அதாவது கையெழுத்துச் சாவி ஏற்கெனவே ஃபர்ம்வேரில் பதிவாகியிருக்கிறது. சாவிதான் பிரச்சினை என்றால் லாகில் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வரும், ‘நாட் ஃபவுண்ட்’ என்று வராது. இவருக்கு மாட்யூலே கட்டப்படவில்லை, இல்லாத மாட்யூலுக்குக் கையெழுத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நிலாமுற்றம், இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். என்விடியாவின் டிரைவர் கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு புதுக் கர்னல் வரும்போதும் டிகேஎம்எஸ் அதை உங்கள் கணினியிலேயே புதிதாகக் கட்டுகிறது. கட்டுவதற்கு அந்தக் கர்னலின் ஹெடர் ஃபைல்கள் (அதன் உள்ளமைப்பு விவரங்கள்) வேண்டும். கர்னல் மட்டும் வந்து ஹெடர் வராவிட்டால் டிகேஎம்எஸ் சத்தமில்லாமல் விட்டுவிடும், அப்டேட்டும் வெற்றி என்றே முடியும். என்விடியா டிரைவர் போட்டிருக்கும்போது நூவோ என்ற திறந்த டிரைவரையும் தடுப்புப் பட்டியலில் வைத்திருப்பார்கள், ஆக கார்டைப் பார்த்துக்கொள்ள யாருமே இல்லை. இதே காரணத்தால் சிலருக்கு 1024-க்கு 768 அளவில் ஏதோ ஒரு திரை வரும், சிலருக்கு உங்களைப் போல எதுவுமே வராது.

சோதிக்க: ‘டிபிகேஜி -எல்’ கொடுத்து ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்’ என்று தேடுங்கள். 6.11-க்கு ஒன்றும் இல்லையென்றால்,

‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-24.04’

என்று கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள ஹெடரை மட்டும் போடாதீர்கள், அடுத்த கர்னலுக்கு அது கூட வராது. இந்தப் பொதுப் பெயர் பேக்கேஜ் இருந்தால் கர்னல் வரும்போதெல்லாம் ஹெடரும் பின்னாலேயே வரும். இன்ஸ்டால் ஓடும்போது டிகேஎம்எஸ் கட்டுவது கண்ணெதிரே தெரியும், சில நிமிடம் பிடிக்கும், நின்றுவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். முடிந்ததும் திரும்ப டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ். இரண்டு வரி வந்தால்தான் ரீபூட்.

பழையமடி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கட்டளைக்கிளி சொன்ன அந்த ‘கீ ரிஜெக்டட்’ எனக்கு வருகிறது, மடிக்கணினி. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ரீபூட்டில் ஒரு நீலத் திரை வந்தது, ஏதோ வைரஸ் போல இருந்ததால் எதையும் தொடாமல் விட்டேன், தானாகப் போய்விட்டது.

கட்டளைக்கிளி:

அந்த நீலத் திரைதான் வேலையே. அங்கே ‘என்ரோல் மோக்’ (கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்வது) எடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுத்திருக்க வேண்டும். சில நொடிகளில் தானாக மூடிக்கொள்ளும், மூடினால் கோரிக்கையும் போச்சு. ‘சுடோ மோக்யூட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/மோக்.டெர்’ கொடுத்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும், அடுத்த ரீபூட்டில் நீலத் திரையும் வரும். எளிய எழுத்துகளாகவே பாஸ்வேர்டு வையுங்கள், ஒரே ஒருமுறைதான் தேவைப்படும், அந்தத் திரையில் உங்கள் கீபோர்டு அமைப்பு வேலை செய்யாமல் அமெரிக்க அமைப்பே இருக்கும்.

நடுநிசி:

எனக்கும் அப்டேட்டுக்குப் பிறகுதான், ஆனால் கருப்பு இல்லை. ‘கர்னல் பேனிக்’, ‘அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக் 0,0’ என்று நிற்கிறது. டிஸ்க் போய்விட்டதா? டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்து போட்டிருக்கிறேன்.

வேர்ப்பயனர்:

டிஸ்க் போகவில்லை. என்கிரிப்ட் செய்தவர் என்றதுமே பாதி தெரிந்துவிட்டது. அப்படிப் போட்டால் ‘/பூட்’ தனிப் பார்ட்டிஷனாக வரும், சின்னதாக இருக்கும். ஒவ்வொரு கர்னலும் தன் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலோடு (டிஸ்கைத் திறக்கத் தேவையானவை அடங்கியது) அங்கே வந்து உட்காரும், என்விடியா மாட்யூலும் ஃபர்ம்வேரும் சேர்ந்தால் அந்த ஃபைல் நன்றாகவே பருத்துவிடும். இடம் தீர்ந்தால் கர்னல் எழுதப்பட்டிருக்கும், இனிட்ராம்எஃப்எஸ் எழுதப்படாது. அது இல்லாமல் ஏறிய கர்னலுக்கு டிஸ்கைத் திறக்கவே தெரியாது. அந்த 0,0 என்பதற்கு அர்த்தம் எந்த டிஸ்குமே கண்ணில் படவில்லை என்பதுதான்.

பழைய கர்னலில் ஏறுங்கள். ‘டிஎஃப் -ஹெச் /பூட்’ பாருங்கள், நூறு சதவீதம் காட்டும். அப்புறம் ‘சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’. அதுவே இடமில்லை என்று அழுதால், ‘யூனேம் -ஆர்’ கொடுத்து இப்போது ஓடுவது எது என்று பார்த்துக்கொண்டு, அதையும் புதியதையும் விட்டுவிட்டு, மிகப் பழைய ஒன்றின் இமேஜ் பேக்கேஜை மட்டும் ‘டிபிகேஜி --பர்ஜ்’ மூலம் நீக்குங்கள். ‘/பூட்’ உள்ளே போய் ஃபைல்களைக் கையால் அழிக்காதீர்கள், பேக்கேஜ் கணக்கில் அது இன்னும் இருப்பதாகவே இருக்கும், அடுத்த அப்டேட்டில் திரும்ப எழுதப் பார்க்கும். இடம் கிடைத்ததும் ‘சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, பின் ‘சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’ என்று போட்டுப் புதுக் கர்னலின் முழு எண், கடைசியில் ‘சுடோ அப்டேட்-க்ரப்’.

இது அடிக்கடி வந்தால் இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக் ஃபைலில் ‘மாட்யூல்ஸ்=மோஸ்ட்’ என்று இருப்பதை ‘டெப்’ என்று மாற்றலாம், ஃபைல் பாதிக்கும் கீழே இளைத்துவிடும். ஆனால் உங்கள் கணினிக்கு வேண்டிய மாட்யூல் மட்டும்தான் அதில் இருக்கும், டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எழுந்திருக்காமல் போகலாம். தெரிந்து செய்யுங்கள்.

உருளும்கல்:

இத்தனை கர்னலைச் சேர்த்து வைப்பானேன், அப்புறம் இடமில்லை என்பானேன். ஆர்ச் லினக்ஸில் ஒரே கர்னல், பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்கும்.

வேர்ப்பயனர்:

அதனால்தான் ஆர்ச்சில் புதியது ஏறாவிட்டால் மெனுவில் திரும்பிப் போக இடமே இல்லை. இன்று நிலாமுற்றம், நடுநிசி இருவரையும் காப்பாற்றியதே அந்தச் சேர்த்து வைத்த கர்னல்தான்.

உருளும்கல்:

அதற்கு ‘லினக்ஸ்-எல்டிஎஸ்’ என்ற நீண்டகால ஆதரவுள்ள கர்னல் பேக்கேஜைக் கூடவே போட்டு வைத்தால் போயிற்று, விவரமானவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆர்ச் உடைந்தது என்று வருபவர்களில் பெரும்பாலோர் அதன் பேக்கேஜ் கருவியில் ‘பேக்மேன் -எஸ்ஒய்’ கொடுத்து ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் புதிதாக்கியவர்கள். பட்டியல் புதியது, மற்ற லைப்ரரிகள் பழையவை, எது எப்படி ஒட்டும்? ‘எஸ்ஒய்யூ’ என்று மொத்தமாகத்தான் ஏற்ற வேண்டும். ரொம்ப நாள் கழித்து ஏற்றுகிறீர்கள் என்றால் ‘ஆர்ச்லினக்ஸ்-கீரிங்’ என்ற சாவிப் பேக்கேஜ் முதலில், இல்லாவிட்டால் கையெழுத்துப் பிழை வரிசையாக வரும். ஏற்றும் முன் ஆர்ச் இணையதளத்தின் முகப்புப் பக்கச் செய்தியைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் க்ரப் அப்டேட்டில் பலருக்குக் கணினி எழவில்லை, க்ரப் பேக்கேஜ் மாறியதோடு ‘க்ரப்-இன்ஸ்டால்’ ஓட்டாததால்தான்.

இன்னொன்று, இது பழைய கர்னலை நீக்கிவிடும் எந்த டிஸ்ட்ரோவிலும் வரக்கூடியது. ‘/பூட்’ மவுன்ட் ஆகாத நேரத்தில் கர்னல் அப்டேட் ஓடினால், புதுக் கர்னல் ரூட் பார்ட்டிஷனில் உள்ள வெற்று ஃபோல்டரில் போய் விழும். க்ரப் உண்மையான பூட் பார்ட்டிஷனில் இருக்கும் பழைய கர்னலை ஏற்றும், அதற்கான மாட்யூல்களோ போய்விட்டிருக்கும். கீபோர்டு கூட வேலை செய்யாது, பார்த்தால் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

நிலாமுற்றம்:

வந்துவிட்டது! 6.11-க்கு ஹெடரே இல்லை, கட்டளைக்கிளி சொன்ன பேக்கேஜைப் போட்டதும் என்விடியா கட்டியது, டிகேஎம்எஸ்ஸில் இரண்டு வரி, ரீபூட், முழுத் திரை. ரொம்ப நன்றி.

ஆனால் இரண்டாவது மானிட்டர் 1024-க்கு 768-க்கு மேல் போக மாட்டேன் என்கிறது. பழைய கர்னலிலும் இப்போது அப்படித்தான், ஆக கர்னல் காரணமில்லை போல. எக்ஸ்ரேண்டர் கட்டளையால் புது மோட் சேர்க்கச் சொல்லி ஒரு பழைய குறிப்பு கிடைத்தது, செய்தால் ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம்திரை:

நீங்கள் வேலண்டில் இருக்கிறீர்கள், அதனால்தான். திரையில் படம் காட்டும் முறைகள் இரண்டு, பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். எக்ஸ்ரேண்டர் எக்ஸ்11-க்கான கருவி, வேலண்டில் அது பேசுவது எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தரகரோடு மட்டும், திரையை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. செட்டிங்ஸ், அபவுட் பக்கத்தில் ‘விண்டோயிங் சிஸ்டம்’ என்ற இடத்தில் எது என்று பார்க்கலாம். ஃபெடோரா 2016-லேயே வேலண்டுக்குப் போய்விட்டது, உபுண்டு 2017-இல் போய், அடுத்த வெளியீட்டில் திரும்பி, 2021-இல் மறுபடி போனது. வலையில் கிடக்கும் திரைக் குறிப்புகளில் பாதி அதற்கு முந்தையவை.

உங்கள் விஷயத்தில் கணினிக்கு மானிட்டரின் ஈடிஐடி கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். மானிட்டர் தன்னால் எந்தெந்த அளவு காட்ட முடியும் என்று கேபிள் வழியாகச் சொல்லும் சின்னத் தகவல் அது. கிடைக்காவிட்டால் கணினி பாதுகாப்பாக 1024-இல் நின்றுகொள்ளும். சோதிப்பது எளிது. ‘/சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்’ ஃபோல்டருக்குள் ‘கார்டு1-ஹெச்டிஎம்ஐ-ஏ-1’ போலப் பெயர்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ‘ஈடிஐடி’ என்ற ஃபைல். ‘எல்எஸ்’ கொடுத்து அளவு பார்க்காதீர்கள், அது எப்போதுமே 0 என்றுதான் காட்டும். ‘கேட்’ செய்து ‘டபிள்யூசி -சி’க்கு அனுப்புங்கள், எத்தனை பைட் என்று எண்ணிச் சொல்லும். 128 அல்லது 256 என்று வந்தால் தகவல் வருகிறது. மானிட்டர் மாட்டியிருந்தும் 0 வந்தால் நடுவில் ஏதோ விழுங்குகிறது. என்ன வழியாக மாட்டியிருக்கிறீர்கள்?

நிலாமுற்றம்:

0 வருகிறது. மானிட்டர் பழையது, விஜிஏ மட்டும்தான். ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு ஒரு அடாப்டர். காலையில் கருப்புத் திரைக்குக் கேபிள்தான் காரணமோ என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன்.

மூன்றாம்திரை:

அப்போது முதலில் விஜிஏ முனையின் இரண்டு திருகையும் இறுக்குங்கள். விஜிஏவில் ஈடிஐடி தனிப் பின்களில் வருகிறது, முனை லேசாகச் சாய்ந்திருந்தால் படம் வரும், தகவல் வராது. அதற்கும் வராவிட்டால் கர்னல் வரியில் ‘வீடியோ=ஹெச்டிஎம்ஐ-ஏ-1:’ என்று போட்டு அளவும் ‘@60’ம் கொடுக்கலாம். 1920, 1080 இரண்டுக்கும் நடுவில் ஆங்கில எக்ஸ் எழுத்து, இடைவெளி கூடாது. என்விடியா டிரைவரில் இது கேட்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், இன்டெல், ஏஎம்டியில் கேட்கும்.

மடிக்கணினிக்காரர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. இரண்டு கிராபிக்ஸ் உள்ள பல மடிக்கணினிகளில் ஹெச்டிஎம்ஐ துளை நேராக என்விடியா சிப்போடு இணைக்கப்பட்டிருக்கும். எந்தக் கிராபிக்ஸ் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ‘பிரைம்-செலக்ட்’டில் பேட்டரிக்காக இன்டெல் மட்டும் என்று வைத்தால் வெளி மானிட்டர் எழவே எழாது, எத்தனை கேபிள் மாற்றினாலும்.

பழையமடி:

மோக் சரியாயிற்று, நீலத் திரையில் என்ரோல் செய்தேன், டிரைவர் ஏறிவிட்டது. மடிக்கணினியின் சொந்தத் திரை மட்டும் அவ்வப்போது மினுக்குகிறது, மவுஸை அசைத்தால் நிற்கிறது. இன்டெல் கிராபிக்ஸில்தான் டெஸ்க்டாப் ஓடுகிறது.

வேர்ப்பயனர்:

மவுஸை அசைத்தால் நிற்கிறது என்பது நல்ல தடயம். படம் மாறாமல் இருக்கும்போது திரை தன்னிடம் உள்ள படத்தையே திரும்பக் காட்டி மின்சாரம் மிச்சம் பிடிக்கும், பிஎஸ்ஆர் என்பார்கள். சில திரைகளுக்கு அது ஒத்துப்போவதில்லை. க்ரப்பில் ‘இ’ தட்டி, நோமோட்செட்டுக்குச் சொன்ன அதே இடத்தில் ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’ சேர்த்துப் பாருங்கள். மினுக்கல் நின்றால் மட்டும் ‘/இடிசி/டீஃபால்ட்/க்ரப்’ ஃபைலில் எழுதி அப்டேட்-க்ரப். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

அவசரக்குடுக்கை:

எல்லாம் சரி, ஆனால் இத்தனைக்கும் மூலம் அந்த ஆட்டோ அப்டேட். அதை அணைத்துவிட்டால் இந்த இழையே தேவையில்லை. நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். பல தடவை ‘லாக்’ (பூட்டு) பிடித்துக்கொண்டு எதையும் இன்ஸ்டால் செய்ய விடாது, லாக் ஃபைலை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

கட்டளைக்கிளி:

லாக் ஃபைலை அழிக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! அந்த நேரத்தில் பின்னால் ஆட்டோ அப்டேட்டைச் செய்யும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பேக்கேஜ்களைப் பிரித்துக்கொண்டிருக்கும். நீங்கள் நடுவில் இன்னொரு ஆப்ட்டைக் கிளப்பினால் இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் எழுதும். பிழைச் செய்தியிலேயே எந்த ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்று எண் வரும். ‘பிஎஸ்’ போட்டு அது ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் காத்திருங்கள். மின்சாரம் போய் நடுவில் அறுந்திருந்தால் டிபிகேஜி கான்ஃபிகர், அப்புறம் ‘சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’, அவ்வளவுதான்.

அணைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. முன்கூட்டியே வரும் அமைப்பில் அது பாதுகாப்பு அப்டேட்டுகளைத்தான் போடுகிறது. குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. கர்னலும் அதில் வரும், ஆனால் தானாக ரீபூட் ஆகாது. போன வாரம் வந்த கர்னலின் பழுது இன்றைய ரீபூட்டில்தான் தெரியும், நாமோ நேற்று செய்ததைச் சந்தேகப்படுவோம். ‘/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்’ திறந்தால் எது எப்போது வந்தது என்று தேதியோடு இருக்கும். நிலாமுற்றம், உங்களுடையதிலும் பாருங்கள்.

நிலாமுற்றம்:

பார்த்தேன். நீங்கள் சொன்னது போலத்தான். 6.11 வந்தது போன வாரம். ராத்திரி வந்தது பிரவுசரும் இன்னும் சில்லறைச் சாமான்களும்.

அடுத்த விசித்திரம், க்ரப் மெனுவில் விண்டோஸைக் காணோம். காலையில் இருந்தது என்றுதான் நினைவு.

வேர்ப்பயனர்:

விண்டோஸ் அதன் இடத்தில்தான் இருக்கும், மெனுவில்தான் வரி இல்லை. 2021-இல் வந்த க்ரப் 2.06 முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் முன்கூட்டியே அணைத்தே வருகிறது. ‘/இடிசி/டீஃபால்ட்/க்ரப்’ ஃபைலில் ‘க்ரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள், முன்னால் ஹேஷ் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், பிறகு அப்டேட்-க்ரப். ஓடும்போதே விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்தது என்று சொல்லும். அவசரத்துக்கு ஃபர்ம்வேரின் பூட் மெனுவிலிருந்தும் நேராக விண்டோஸுக்குப் போகலாம். விண்டோஸ் பக்கம் போகும்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் நிற்கும், லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும்தான் விடும்.

நடுநிசி:

‘/பூட்’ காலி செய்து எழுந்துவிட்டது. உற்சாகத்தில் ஒரு வெளி டிஸ்கை எஃப்எஸ்டேப்பில் (பூட்டின்போது இணைய வேண்டிய டிஸ்குகளின் பட்டியல்) எழுதி வைத்தேன், டிஸ்கைக் கழற்றியதும் ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடில் நிற்கிறது.

வேர்ப்பயனர்:

ஒன்றரை நிமிடம், பூட்டை நடத்தும் சிஸ்டம்டி அந்த டிஸ்குக்காகக் காத்திருக்கும் நேரம், 90 நொடி. எமர்ஜென்சி மோடில் உள்ளே போய் ‘நானோ /இடிசி/எஃப்எஸ்டேப்’, அந்த டிஸ்கின் வரியில் ‘டீஃபால்ட்ஸ்’ என்பதற்குப் பக்கத்தில் கமா போட்டு ‘நோஃபெயில்’. உபுண்டுவில் என்டர் தட்டினால் உள்ளே விடும், ரூட் கணக்கு பூட்டியிருக்கும் சில டிஸ்ட்ரோக்களில் விடாது, அப்போது லைவ் யூஎஸ்பியிலிருந்து அந்த ஃபைலைத் திருத்த வேண்டும். இனி எஃப்எஸ்டேப்பைத் தொட்டால் ரீபூட்டுக்கு முன் ‘சுடோ மவுன்ட் -ஏ’ ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாம்திரை:

சிஸ்டத்தின் நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைத்துத் திருப்பித் தரும் டைம்ஷிஃப்ட் பற்றி யாரும் பேசவில்லையே. அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் இருந்தால் இதில் பாதி லைவ் யூஎஸ்பியிலிருந்து சில நிமிடத்தில் திரும்பியிருக்கும்.

உருளும்கல்:

இருக்கும், ஆனால் அதைப் பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். டைம்ஷிஃப்ட் ஹோம் ஃபோல்டரை முன்கூட்டியே விலக்கித்தான் வைத்திருக்கும், சிஸ்டத்தை மட்டும்தான் எடுக்கும். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் முறை என்றால் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்கில்தான், டிஸ்க் போனால் இரண்டும் போகும். ‘/பூட்’ தனிப் பார்ட்டிஷன் என்றால் அதுவும் அந்த ஸ்னாப்ஷாட்டில் வராது, பின்னோக்கிப் போன ரூட்டும் முன்னோக்கி நிற்கும் கர்னலும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொள்ளும்.

நிலாமுற்றம்:

விண்டோஸ் மெனுவில் வந்துவிட்டது. விஜிஏ திருகை இறுக்கியதும் ஈடிஐடி 128 என்றது, செட்டிங்கில் 1920-க்கு 1080 தானாகவே வந்து நின்றது. அதற்கு முன்பே அந்த வீடியோ வரியை க்ரப் ஃபைலில் எழுதிவிட்டிருந்தேன், அதை அப்படியே விடலாமா? பழைய 6.8-ஐயும் இனி எடுத்துவிடலாமா?

மூன்றாம்திரை:

வீடியோ வரியை எடுத்துவிட்டு அப்டேட்-க்ரப் கொடுங்கள். நாளை வேறு மானிட்டர் மாட்டினால் அந்த வரி குறுக்கே நிற்கும்.

கட்டளைக்கிளி:

6.8 இருக்கட்டும். அடுத்த கர்னல் வந்து நிலைத்தபின் ஆட்டோரிமூவ் தானே எடுத்துக்கொள்ளும்.